அமெரிக்க மருத்துவக் கல்லூரியின் வெயிட்லிஸ்டிலிருந்து இடம் பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் எம்.டி. படிப்புக்கு (அங்கே மருத்துவராவதற்கான அடிப்படைப் பட்டம் இது) விண்ணப்பித்து, நேர்காணலையும் முடித்து, அதன்பின் வெயிட்லிஸ்டில், அதாவது காத்திருப்புப் பட்டியலில், வைக்கப்பட்டிருக்கும் மாணவர்களுக்காகவும் அவர்களோடு சேர்ந்து காத்திருக்கும் பெற்றோருக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. 2023-24ஆம் கல்வியாண்டில் எம்.டி. கல்லூரிகளுக்கு ஏறத்தாழ 52,500 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் வகுப்பில் சேர்ந்தவர்கள் சுமார் 23,000 பேர். இந்த நெரிசலில் நேர்காணலுக்கு அழைக்கப்படுவதே பெரிய தடையைத் தாண்டியதற்குச் சமம். நேர்காணலுக்குப் பிறகு வெயிட்லிஸ்டில் வைத்திருக்கிறார்கள் என்றால், இந்த மாணவர் எங்கள் வகுப்பில் உட்காரத் தகுதியானவர், ஆனால் இப்போது கையில் இடமில்லை என்று சேர்க்கைக் குழு முடிவெடுத்திருக்கிறது என்று பொருள்.

அந்த இடம் உருவாவதும் உருவாகாமல் போவதும் பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பவை சில செயல்கள் மட்டுமே. அவற்றை உரிய நேரத்தில், கல்லூரியின் விதிக்கு உட்பட்டு, பிழையில்லாமல் செய்ய வேண்டும். மிச்சமிருக்கும் ஆற்றல் முழுவதையும் அடுத்த ஆண்டின் விண்ணப்பத்தில் செலுத்த வேண்டும். நான் பார்த்தவரை பல குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. கல்லூரிக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் அனுப்பிவிட்டு, மறுவிண்ணப்பத்தை ஆகஸ்ட் வரை தொடாமலே விட்டுவிடுகிறார்கள்.

முதல் படி: எந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெயிட்லிஸ்ட் என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு நிலைகள் அடங்கியிருக்கின்றன. நேர்காணலுக்கு முன்பே "ஹோல்டு" என்று வைத்திருந்தால், உங்கள் விண்ணப்பத்தை இன்னும் முழுமையாக மதிப்பிட்டு முடிக்கவில்லை என்று கொள்ள வேண்டும். அந்த நிலையில் நீங்கள் எதிர்பார்ப்பது நேர்காணல் அழைப்பை மட்டுமே. நேர்காணலுக்குப் பிறகு "தொடர் பரிசீலனை" என்று செய்தி வந்திருந்தால், குழு உங்கள் பெயரை மீண்டும் விவாதத்துக்கு எடுக்கவிருக்கிறது. "ஆல்டர்னேட் லிஸ்ட்" அல்லது "வெயிட்லிஸ்ட்" என்று தெளிவாக வந்திருந்தால் குழுவின் விவாதம் முடிந்துவிட்டது. இனி இடம் காலியாவதைப் பொறுத்தே எல்லாம் நடக்கும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது, அந்தப் பட்டியல் தரவரிசைப்படி அமைந்ததா என்பது. சில கல்லூரிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி, இடம் காலியாகும்போது மேலிருந்து அழைக்கின்றன. அவற்றில் சில, கேட்டால் உங்கள் இடத்தையும் சொல்லும். வேறு சில, பட்டியலை மேல், நடு, கீழ் என்று அடுக்குகளாகப் பிரிக்கின்றன. இன்னும் சில கல்லூரிகளில் வரிசையே கிடையாது. ஒவ்வொரு முறை இடம் காலியாகும்போதும் குழுவோ டீனோ பட்டியல் முழுவதையும் பார்த்து, அந்த நேரத்தில் வகுப்பில் என்ன குறைகிறது என்று யோசித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநில மாணவர்களின் எண்ணிக்கை, கிராமப்புற மருத்துவத்தில் நாட்டமுள்ளவர்கள், ஆராய்ச்சிப் பின்னணி உள்ளவர்கள் போன்ற சமநிலைகள் அப்போது கணக்கில் வரும். வரிசையுள்ள பட்டியலில் உங்கள் கடிதத்தால் ஆகக்கூடியது குறைவு. வரிசையற்ற பட்டியலில் கடிதத்துக்குக் கூடுதல் எடை உண்டு. எனவே பேனாவை எடுப்பதற்கு முன் இந்தத் தகவலைத் தேட வேண்டும். உங்களுக்கு வந்த மின்னஞ்சல், விண்ணப்பதாரர் போர்ட்டல், கல்லூரியின் சேர்க்கைப் பக்கம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றில் பெரும்பாலும் இது இருக்கும். இல்லையென்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரே ஒரு சுருக்கமான மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பதில் தவறில்லை.

இரண்டாம் படி: கல்லூரியின் விதியைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள்

பட்டியலில் தொடர்ந்து இருக்க விரும்புகிறேன் என்று குறிப்பிட்ட தேதிக்குள் போர்ட்டலில் உறுதி செய்யும்படி சில கல்லூரிகள் கேட்கும். இதைத் தவறவிட்டால் பெயர் நீக்கப்படலாம். மின்னஞ்சல் வந்த அன்றே செய்துவிடுங்கள்.

கூடுதல் தகவல்களை ஏற்பதில் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடு மிக அதிகம். எப்போது வேண்டுமானாலும் புதிய செய்தி அனுப்பலாம் என்று சில சொல்லும். போர்ட்டலில் உள்ள படிவம் வழியாக ஒரே ஒருமுறை, இத்தனை எழுத்துகளுக்குள் என்று சில கட்டுப்படுத்தும். எந்தக் கடிதத்தையும் ஏற்பதில்லை என்று சில வெளிப்படையாகச் சொல்லிவிடும். அனுப்ப வேண்டாம் என்று சொன்ன கல்லூரிக்கு அனுப்பாமல் இருப்பதுதான் அங்கே நீங்கள் செய்யக்கூடிய மிகச் சிறந்த செயல். எளிய அறிவுறுத்தலைக் கூடப் பின்பற்றாதவர் நாளை மருத்துவமனையில் எப்படி நடந்துகொள்வார் என்ற எண்ணத்தைச் சேர்க்கைக் குழுவின் மனத்தில் நீங்களே விதைக்கக் கூடாது.

இங்கே நம் குடும்பங்களுக்காக ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். அப்பாவோ அம்மாவோ சேர்க்கை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுவது பிள்ளைக்கு நன்மை செய்யாது. விண்ணப்பதாரரைத் தவிர வேறு யாரிடமும் விவரம் பேச அலுவலகத்தார் மறுத்துவிடுவார்கள் என்பது ஒரு பக்கம். இருபத்திரண்டு வயதுப் பட்டதாரி தன் காரியத்தைத் தானே பேசத் தயங்குகிறார் என்ற எண்ணம் அங்கே பதிந்துவிடும் என்பது மறுபக்கம். அதேபோல், அந்த ஊரில் பணிபுரியும் குடும்ப நண்பரான மருத்துவர் ஒருவரைக் கொண்டு சிபாரிசுக் கடிதம் எழுதச் சொல்வதும் பயனற்றது. உங்களை மேற்பார்வையிட்டு வேலை வாங்கியவர் எழுதும் கடிதம் மட்டுமே எடை பெறும். பெற்றோர் உதவ விரும்பினால் செலவுக் கணக்கு, ஆவணங்கள், வீடு மாறும் ஏற்பாடு போன்ற வேலைகள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் படி: பட்டியல் எப்படி நகர்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்கு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி. அமைப்பின் ஆம்காஸ் என்னும் பொது விண்ணப்பச் சேவை வழியாகவே விண்ணப்பம் போகிறது. அந்த அமைப்பு வகுத்துள்ள நடைமுறைகளின்படியே ஆண்டின் தேதிகள் நகர்கின்றன. அக்டோபர் 15 முதல் கல்லூரிகள் இட அழைப்புகளை அனுப்பத் தொடங்குகின்றன. மார்ச் 15க்குள் தங்கள் வகுப்பின் அளவுக்குச் சமமான எண்ணிக்கையிலாவது அழைப்புகளை அனுப்பிவிட வேண்டும் என்பது அவற்றுக்குச் சொல்லப்பட்டுள்ள விதி. ஏப்ரல் 30 வரை ஒரு மாணவர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களைக் கையில் வைத்திருக்க முடியும். அந்தத் தேதியையொட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும்.

ஒரு மாணவி நான்கு கல்லூரிகளில் இடம் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் மாதத்தில் அவர் மூன்றை விடுகிறார். அந்த மூன்று கல்லூரிகளும், ஏற்கெனவே தேவைக்கு மேல் அழைப்புகளை அனுப்பியிருக்கவில்லை என்றால், வெயிட்லிஸ்டைத் திறக்கின்றன. அங்கிருந்து அழைக்கப்படும் மாணவர் பெரும்பாலும் வேறொரு கல்லூரியில் ஏற்கெனவே இடம் வைத்திருப்பவர். அவர் புதிய அழைப்பை ஏற்றால் பழைய கல்லூரியில் ஒரு இடம் காலியாகிறது. அந்தக் கல்லூரி தன் பட்டியலிலிருந்து அடுத்தவரை அழைக்கிறது. எந்த இடமும் கையில் இல்லாத ஒருவரைச் சென்றடையும்போதுதான் இந்தச் சங்கிலி முடிகிறது. மே மாதம் முழுவதும் அமைதியாக இருந்த பட்டியல் ஜூன் நடுவில் திடீரென்று நகர்வதற்கு இதுவே காரணம். உங்கள் கல்லூரியில் யாரும் விலகாமலேயே நாட்கள் கடந்திருக்கலாம். வேறொரு மாநிலத்தில் ஒருவர் எடுத்த முடிவு மூன்று வாரம் கழித்து உங்களை வந்தடையலாம்.

சங்கிலியைத் தள்ளும் இன்னொரு விசை பணம். கல்லூரிகள் உதவித்தொகை விவரங்களை வசந்த காலத்தில் அறிவிக்கும்போது, ஒரே தரத்தில் இருக்கும் இரண்டு இடங்களில் எது மலிவு என்பதைப் பார்த்துப் பலர் முடிவை மாற்றிக்கொள்கிறார்கள். கல்விக்கட்டணம் குறைந்த மாநிலக் கல்லூரியில் சொந்த மாநில மாணவர்கள் இடத்தை எளிதில் விடுவதில்லை; பல கல்லூரிகளால் விரும்பப்படும் மாணவர்களையே அழைக்கும் தனியார் கல்லூரியில் விலகல் கூடுதலாக இருக்கும். இது பொதுவான போக்கு மட்டுமே. ஒரே கல்லூரியில் ஓராண்டு பலர் அழைக்கப்படுவதும் மறு ஆண்டு மிகச் சிலரே அழைக்கப்படுவதும் சாதாரணம். எனவே போன ஆண்டின் எண்ணிக்கையை வைத்து உங்கள் வாய்ப்பைக் கணக்கிட்டுக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை.

ஏப்ரல் 30ஐ ஒட்டிய வாரங்களில் அசைவு அதிகம். பிறகு ஜூன், ஜூலை மாதங்களில் அது சிறு சிறு அலைகளாகத் தொடர்கிறது. வகுப்பு தொடங்கும் வாரம் வரை அழைப்பு வந்த மாணவர்கள் உண்டு. ஆனால் நீங்கள் வேறொரு கல்லூரியில் ஓரியண்டேஷனை, அதாவது புதிய மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சியை, தொடங்கிவிட்டால் உங்களை மற்றொரு கல்லூரி அழைக்கக் கூடாது என்பது நடைமுறை. அத்துடன் அந்தக் கதவு மூடப்படுகிறது.

டெக்சாஸ் மாநிலத்தின் அரசு மருத்துவக் கல்லூரிகள் தங்களுக்கென்று தனி விண்ணப்பச் சேவையையும், மாநில மாணவர்களுக்கென்று, மாணவர், கல்லூரி ஆகிய இரு தரப்பின் விருப்ப வரிசையையும் பொருத்திப் பார்த்து இடம் ஒதுக்கும் தனி முறையையும் வைத்திருக்கின்றன. எம்.டி.யைப் போலவே மருத்துவராவதற்கான மற்றொரு பட்டமான டி.ஓ.வை வழங்கும் ஆஸ்டியோபதி கல்லூரிகளுக்கு வேறொரு சேவை இருக்கிறது. அவற்றின் தேதிகளையும் முன்பண விதிகளையும் அங்கங்கே தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: கடிதம்

கடிதங்கள் மூன்று வகைப்படும். மூன்றையும் கலந்து எழுதுவதால்தான் பல கடிதங்கள் வலுவிழக்கின்றன. புதிய செய்தியைத் தெரிவிப்பது அப்டேட் கடிதம். உங்கள் கல்லூரியில் எனக்கு ஆர்வம் உண்டு என்று சொல்வது ஆர்வக் கடிதம். அழைத்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு உறுதியாக உங்களிடமே வருவேன் என்று வாக்களிப்பது லெட்டர் ஆஃப் இன்டென்ட்.

இந்த மூன்றாவது கடிதத்தை ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் எழுத வேண்டும். சட்டப்படி அது உங்களைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனாலும் இரண்டு கல்லூரிகளுக்கு அதே வாக்கைக் கொடுப்பது பொய். மருத்துவராகப் போகிறவர், பார்வையில் படாது என்ற தைரியத்தில் பொய் சொல்லிப் பழகக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சேர்க்கைத் துறையினர் ஒருவரையொருவர் அறிந்த சிறிய வட்டம் என்பதையும் மறக்க வேண்டாம். எந்தக் கல்லூரி முதல் விருப்பம் என்று உங்களுக்கே தெளிவில்லை என்றால், தெளிவு வரும் வரை ஆர்வக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எப்போது எழுதுவது? வெயிட்லிஸ்ட் செய்தி வந்த இரண்டு வாரத்துக்குள், கல்லூரி அனுமதித்தால், முதல் கடிதம் போகலாம். அதில் பட்டியலில் தொடரும் விருப்பமும், விண்ணப்பத்துக்குப் பிறகு நடந்த உண்மையான முன்னேற்றமும் இருக்க வேண்டும். இரண்டாவது கடிதத்துக்குச் சரியான காலம் ஏப்ரல் மாதத்தின் பிற்பகுதி, அதாவது கல்லூரி தன் காலியிடங்களை எண்ணத் தொடங்கும் தருணம். லெட்டர் ஆஃப் இன்டென்ட் எழுதுவதென்றால் இதுவே அதற்கு ஏற்ற நேரம். அதன்பின், சொல்லத்தக்க செய்தி ஏதாவது நடந்தால் மட்டும் இன்னொன்று. வாரந்தோறும் விசாரித்துக்கொண்டிருப்பது ஆர்வத்தைக் காட்டாது. அலுவலகத்தில் கோப்புகளைப் பார்ப்பவரைக் களைப்படையச் செய்யும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. முதல் பத்தியில் நீங்கள் யார், ஆம்காஸ் அடையாள எண் என்ன, எந்தத் தேதியில் நேர்காணலுக்கு வந்தீர்கள், என்ன கேட்கிறீர்கள் என்பவை மூன்று வாக்கியங்களில் முடிந்துவிட வேண்டும். இரண்டாம் பத்தியில் புதிய செய்தி. இறுதிப் பருவ மதிப்பெண்கள், ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரை, புதிதாகச் சேர்ந்த மருத்துவமனை வேலை, பெற்ற சான்றிதழ், ஏற்றுக்கொண்ட புதிய பொறுப்பு ஆகியவை செய்தி. விண்ணப்பத்தில் எழுதியதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்வது செய்தி ஆகாது. கட்டுரை இன்னும் அனுப்பப்பட்ட நிலையில்தான் இருக்கிறது என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். வெளியாகவுள்ளது என்று மெருகேற்ற வேண்டாம்.

எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். "தன்னார்வப் பணியைத் தொடர்ந்து செய்துவருகிறேன், அது எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது" என்ற வாக்கியத்தை எந்த மாணவரின் கடிதத்திலும் ஒட்டிவிடலாம். "ஜனவரி முதல் இலவச மருத்துவ முகாமில் மொழிபெயர்ப்பாளர்களின் பணிநேர அட்டவணையைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன், தமிழும் ஸ்பானிஷும் தெரிந்தவர்கள் எந்தெந்த நாளில் தேவைப்படுகிறார்கள் என்று பதிவேட்டைப் பார்த்து மாற்றியமைத்தேன்" என்று எழுதினால் ஒரு மனிதர் செய்த வேலை தெரிகிறது. வாசிப்பவர் குழுவில் உங்களுக்காகப் பேச வேண்டுமென்றால், அவர் எடுத்துச் சொல்லக்கூடிய ஒரு விவரத்தை நீங்கள்தான் அவர் கையில் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் பத்தி கல்லூரியைப் பற்றியது. தரவரிசை, புகழ், அழகிய வளாகம் ஆகியவற்றைச் சொல்லிப் பாராட்டுவது வீண். நேர்காணல் நாளில் கேட்டறிந்த ஒரு பாடத்திட்ட அமைப்பு, நீங்கள் சேர விரும்பும் ஒரு மாணவர் மருத்துவ மையம், அந்த மாநிலத்தோடு உங்களுக்குள்ள உறவு ஆகியவற்றில் ஒன்றையோ இரண்டையோ எடுத்து, நீங்கள் ஏற்கெனவே செய்துவரும் வேலையோடு இணைத்துக் காட்டுங்கள். வெளிமாநிலக் கல்லூரி என்றால், அந்த ஊரில் உறவினர் இருப்பதையோ முன்பு வாழ்ந்ததையோ சொல்வது உண்மையில் பயன்படும். வரமாட்டாரோ என்ற ஐயம் குழுவுக்கு இருந்தால் அது நீங்கும்.

குறைகளுக்கு விளக்கம் எழுதுவதைத் தவிர்த்துவிடுங்கள். நேர்காணலில் ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு அதை நினைவூட்டுவதும், இது என் சிறுவயதுக் கனவு என்று மன்றாடுவதும் கடிதத்தைத் தாழ்த்திவிடும். முகவரியில் சேர்க்கை டீனின் பெயரும், கடிதத்துக்குள் வரும் கல்லூரியின் பெயரும் சரியாக இருக்கின்றனவா என்று வேறொருவரை வைத்துப் படிக்கச் செய்யுங்கள். ஒரு கல்லூரிக்கான கடிதத்தில் மற்றொரு கல்லூரியின் பெயர் இருந்துவிட்டால் அந்தக் கடிதத்தால் இனி எந்தப் பயனும் இல்லை.

புதிய பரிந்துரைக் கடிதம் ஒன்றை, கல்லூரி ஏற்பதாக இருந்தால், சேர்க்கலாம். அது விண்ணப்பத்தில் இல்லாத ஒரு பக்கத்தைக் காட்ட வேண்டும். ஏற்கெனவே மூன்று பேராசிரியர்கள் எழுதியிருக்கும்போது நான்காவதாக இன்னொரு பேராசிரியர் எழுதுவதைவிட, கடந்த ஆறு மாதமாக உங்களைத் தினமும் பார்க்கும் மேற்பார்வையாளர் எழுதுவது மேல்.

ஐந்தாம் படி: வேறொரு இடம் கையில் இருந்தால்

ஏ.ஏ.எம்.சி.யின் இணையக் கருவியில் இரண்டு தெரிவுகள் உண்டு. "பிளான் டு என்ரோல்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், இங்கே சேரத் திட்டமிட்டிருக்கிறேன், ஆனால் மற்ற வெயிட்லிஸ்டுகளில் தொடர்கிறேன் என்று பொருள். "கமிட் டு என்ரோல்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், வெயிட்லிஸ்டுகள் உட்பட மற்ற எல்லாவற்றிலிருந்தும் விலகிவிட்டேன் என்று பொருள். இந்த வேறுபாடு தெரியாமல் அவசரப்பட்டு இரண்டாவதை அழுத்திவிட்டால், நீங்கள் காத்திருக்கும் கல்லூரியின் பட்டியலிலிருந்து நீங்களே வெளியேறியவர் ஆகிறீர்கள். கமிட் செய்ய வேண்டிய கடைசித் தேதியை ஒவ்வொரு கல்லூரியும் தானே வைக்கிறது. அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அதுவரை பிளான் நிலையில் இருப்பது முறையானதுதான். இதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை.

டி.ஓ. கல்லூரியில் இடம் இருந்து, எம்.டி. வெயிட்லிஸ்டில் காத்திருப்பவர்கள் முன்பணத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். எம்.டி. கல்லூரிகளில் முன்பணம் பொதுவாகச் சிறிய தொகை, டி.ஓ. கல்லூரிகளில் அது ஆயிரம் டாலருக்கு மேல் போவதும், திரும்பக் கிடைக்காததும் வழக்கம். கட்டிய பணத்தை இழந்தாலும் எம்.டி. இடத்துக்கு மாறுவேனா என்ற கேள்விக்கு, அழைப்பு வருவதற்கு முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து விடை காணுங்கள். டி.ஓ. மருத்துவர்களும் முழு மருத்துவ உரிமம் பெறுபவர்கள். 2020 முதல் இரு பட்டத்தாருக்கும் ஒரே அங்கீகார முறையில்தான் பட்டத்துக்குப் பிந்தைய ரெசிடென்சி பயிற்சி நடக்கிறது. கையில் உள்ள டி.ஓ. இடத்தை விட்டுவிட்டு, எம்.டி. கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஓராண்டு காத்திருப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆறாம் படி: அழைப்பு நாளைக்கே வரும் என்பதுபோல் தயாராக இருங்கள்

வசந்தத்தில் வரும் அழைப்புக்குப் பதில் சொல்லச் சில வேலை நாட்கள் கிடைக்கும். வகுப்பு தொடங்கும் நாள் நெருங்க நெருங்க அந்த அவகாசம் இரண்டொரு நாளாகச் சுருங்கும். அந்த நேரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட முடியாது. எனவே வெயிட்லிஸ்டில் உள்ள ஒவ்வொரு கல்லூரிக்கும் ஆண்டுச் செலவு எவ்வளவு, உதவித்தொகை எதுவுமே இல்லையென்றாலும் சேர முடியுமா என்பதை மே மாதத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டரசு நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவத்தில் அந்தக் கல்லூரிகளின் பெயர்களையும் சேர்த்துவிடுங்கள்; பிறகு சேர்த்தால் உதவித்தொகைக் கணக்கு தாமதமாகும். கடன் விதிகளும் மாறியிருக்கின்றன. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, பட்டமேற்படிப்பு, தொழிற்படிப்பு மாணவர்களுக்கான கூட்டரசுக் கடனான கிராட் பிளஸ் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்குக் கூட்டரசு நேரடிக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்புக்குள் அடங்குகிறது. செலவு அதற்கு மேல் போகும் கல்லூரி என்றால் மீதிக்கு வழி என்ன என்பதை முன்கூட்டியே பார்க்க வேண்டும். பெற்றோர் கைகொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

தடுப்பூசி ஆவணங்கள் பலரை அவசரத்தில் தவிக்க வைக்கின்றன. ஹெபடைடிஸ் பி எதிர்ப்புசக்தி இருப்பதை ரத்தப் பரிசோதனையால் நிரூபிக்கும்படி மருத்துவக் கல்லூரிகள் கேட்பது வழக்கம். குழந்தைப் பருவத்தில் ஊசி போட்டிருந்தாலும் பரிசோதனையில் அளவு போதாமல் போவது அரிதன்று; வழக்கமான மூன்று ஊசித் தொடரை மீண்டும் முடிக்க ஆறு மாதம் ஆகும். ஏப்ரலிலேயே பரிசோதித்துக்கொண்டால் தொடரையாவது தொடங்கி வைக்கலாம். இந்தியாவில் பிறந்து காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. ஊசி போட்டவர்களுக்குத் தோலில் செய்யும் காசநோய்ப் பரிசோதனை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும் என்பதால், ரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

முடிக்க வேண்டிய முன்தேவைப் பாடம் ஏதும் பாக்கியிருக்கிறதா, இறுதி மதிப்பெண் பட்டியல் அனுப்பப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள். எஃப்-1 என்னும் மாணவர் விசா தேவைப்படுபவர்கள், அதற்காகக் கல்லூரி வழங்கும் ஐ-20 படிவத்துக்கான நிதி ஆதாரங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும். ஜூலையில் இடம் கிடைத்தால் அந்த நடைமுறைக்குக் கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு. வாடகை ஒப்பந்தம் போடுவதாக இருந்தால் விலகும் வசதியுள்ளதாகப் பாருங்கள்.

கோடையில் குடும்பத்தோடு இந்தியா போகும் திட்டம் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. கிழக்குக் கரையில் உள்ள அலுவலகம் பிற்பகல் 2 மணிக்கு அழைத்தால் சென்னையில் இரவு 11:30. அமெரிக்க எண் அங்கேயும் இயங்க வேண்டும், வாய்ஸ்மெயில் நிரம்பியிருக்கக் கூடாது, ஸ்பேம் கோப்புறையைத் தினமும் பார்க்க வேண்டும். முடிந்தால் அந்த ஆண்டு பயணத்தைத் தள்ளிவைப்பதே மேல்.

ஏழாம் படி: மறுவிண்ணப்பத்தை இணையாக நடத்துங்கள்

ஆம்காஸ் விண்ணப்பம் மே மாதத் தொடக்கத்தில் திறக்கிறது. மாத இறுதியையொட்டிச் சமர்ப்பிக்கத் தொடங்கலாம். கல்லூரிகள் வருபவற்றை வர வர மதிப்பிடுவதால், ஜூனில் சமர்ப்பித்தவருக்கும் செப்டம்பரில் சமர்ப்பித்தவருக்கும் கிடைக்கும் வாய்ப்பு ஒன்றாக இருப்பதில்லை. வெயிட்லிஸ்ட் முடிவுக்கு வருவதோ ஆகஸ்டில். முடிவு தெரிந்த பிறகு தொடங்கலாம் என்று இருந்தவர் இரண்டாவது சுற்றையும் பாதி இழந்துவிடுகிறார். இடம் கிடைத்துவிட்டால் புதிய விண்ணப்பத்துக்குக் கட்டிய பணம் வீணாகுமே என்று தயங்க வேண்டாம்; ஓராண்டு இழப்போடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை.

என்னென்ன மாற வேண்டும் என்பதை நேர்மையாகப் பாருங்கள். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டின் மதிப்பெண் 472 முதல் 528 வரையிலான அளவில் வழங்கப்படுகிறது. நீங்கள் விண்ணப்பித்த கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் நடுமதிப்பெண்ணை ஏ.ஏ.எம்.சி.யின் எம்.எஸ்.ஏ.ஆர். தரவுத்தளத்தில் பார்த்து, உங்களுடையது தெளிவாகக் கீழே இருந்தால் மட்டும் மீண்டும் எழுதுவதைப் பற்றி யோசியுங்கள். ஏற்கெனவே போதுமான மதிப்பெண் உள்ளவர் மறுபடி எழுதிக் குறைவாக வாங்கினால் நிலைமை மோசமாகும். ஓராண்டில் மூன்று முறை, இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை, வாழ்நாளில் ஏழு முறை என்று தேர்வுக்கு வரம்பும் உண்டு. முடிவு வர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வெயிட்லிஸ்ட் வரை சென்றவருக்கு மதிப்பெண்தான் குறை என்று சொல்வது பெரும்பாலும் தவறாக இருக்கும். எண்களைப் பார்த்துத்தான் நேர்காணலுக்கு அழைத்தார்கள். கல்லூரிகளின் தேர்வு மிகக் குறுகியதாக இருந்ததா, விண்ணப்பம் தாமதமாகப் போனதா, நேர்காணலில் பதில்கள் மனப்பாடம் செய்தவைபோல் ஒலித்தனவா, நோயாளிகளோடு நேரடியாகப் பழகிய நேரம் குறைவா என்பவற்றைத் தேடுங்கள். மாதிரி நேர்காணல் ஒன்றைக் காணொளியாகப் பதிவு செய்து, உங்களை அறியாத ஒருவரிடம் கருத்துக் கேட்பது இதில் மிகவும் உதவும். தனிப்பட்ட கட்டுரையைப் புதிதாக எழுதுங்கள். பல கல்லூரிகள் உங்கள் பழைய விண்ணப்பத்தையும் அருகில் வைத்துப் படிக்கின்றன.

எட்டாம் படி: அழைப்பு வந்த நாள், அல்லது பட்டியல் மூடப்பட்ட நாள்

அழைப்பு தொலைபேசியில் வரலாம், மின்னஞ்சலில் வரலாம். நன்றி சொல்லுங்கள், பதில் சொல்லக் கடைசி நாளும் நேரமும் எது, எந்த நேர மண்டலத்தில், உதவித்தொகை விவரம் எப்போது தெரியும், ஓரியண்டேஷன் எந்தத் தேதியில் என்ற நான்கு கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். லெட்டர் ஆஃப் இன்டென்ட் அனுப்பிய கல்லூரி என்றால் ஏற்றுக்கொள்வதே உங்கள் கடமை. ஏற்றவுடன் எழுத்தில் உறுதி செய்து, மற்ற எல்லா இடங்களிலிருந்தும் பட்டியல்களிலிருந்தும் அன்றைக்கே விலகுங்கள். முன்பு பிளான் நிலையில் வைத்திருந்த கல்லூரிக்குச் சுருக்கமாக ஒரு நன்றிக் கடிதமும் அனுப்புங்கள். குற்றப் பின்னணிச் சரிபார்ப்புக்கான ஒப்புதலைக் கேட்டு மின்னஞ்சல் வரும்; அதைத் தாமதிக்காமல் முடிக்க வேண்டும்.

பட்டியல் மூடப்பட்டுவிட்டது என்று செய்தி வந்தால், ஓரிரு வாரம் கழித்து, விண்ணப்பத்தைப் பற்றிய கருத்துரை தருவீர்களா என்று பணிவோடு கேளுங்கள். எல்லாக் கல்லூரிகளும் தருவதில்லை. தருகிறவர்களிடம், என்னை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பதைவிட, மீண்டும் விண்ணப்பித்தால் எந்தப் பகுதியை வலுப்படுத்த வேண்டும் என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும். எதிர்வாதம் செய்யாமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்குள் உங்கள் புதிய ஆம்காஸ் விண்ணப்பம் சரிபார்க்கப்பட்டு, கல்லூரிகளின் இரண்டாம் கட்டக் கட்டுரைகள் மேசைக்கு வந்திருக்கும். அந்தக் கருத்துரையில் கிடைத்ததை அந்தக் கட்டுரைகளிலேயே பயன்படுத்தத் தொடங்கலாம்.